காரணம் கண்டருளிய பெருமானுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

திருவும் புகழும் ஓங்க, மரபணுவையும் மருந்தையும் ஓரப் பார்வையால் ஒதுக்கி, மனச்சிதைவு நோயின் மூலம் இன்னதென்று சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கண்டருளிய உளவியல் கோட்பாட்டுப் பெருமானுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அடியேன் பாடும் மெய்க்கீர்த்தி இது. மிளகும் சுக்கும் கப்பலேறிய இந்தக் கரையில் வந்திறங்காத சரக்கு இல்லை. ஆனால் பெருமானைப்போல் எடை போடாமல், தரம் பாராமல், நேரே ஒவ்வொரு வீட்டு அடுக்களைக்கும் போய்ச் சேர்ந்த சரக்கு வேறில்லை.

பெருமானின் அவதாரச் சிறப்பைச் சொல்ல வேண்டும். 1948-ல், அமெரிக்காவின் மேரிலாந்தில் மனநோயாளிகளைப் பார்த்துவந்த ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்னும் அம்மையார், ஒரு கட்டுரையில் போகிற போக்கில், ‘மனச்சிதைவை விளைவிக்கும் தாய்’ என்றொரு பட்டத்தை வழங்கினார். எத்தனை தாய்மாரை எண்ணினார், நோயில்லாப் பிள்ளைகளைப் பெற்றவர்களோடு ஒப்பிட்டாரா என்று கேட்பது மளிகைக்கடைப் புத்தி. ஞானத்துக்குத் தராசு எதற்கு?

1956-ல் கிரெகரி பேட்சனும் தோழர்களும் பெருமானுக்கு மணிமுடியே சூட்டினார்கள். பேட்சன் மானிடவியலாளர், பாலித் தீவுக்காரர்களை ஆராய்ந்தவர். அந்தக் கட்டுரையில் வரும் காட்சி ஒன்று காவியத் தன்மை வாய்ந்தது. ஓரளவு தேறிவந்த மகனைப் பார்க்கத் தாய் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அவன் அவள் தோளில் கைபோட்டதும் அவள் உடம்பு விறைக்கிறது. அவன் கையை எடுத்துக்கொள்கிறான். ‘என்மேல் பாசம் போய்விட்டதா?’ என்கிறாள். இப்படியும் தோல்வி, அப்படியும் தோல்வி. இந்த இரட்டைக் கண்ணியில் மாட்டியே மனம் சிதைகிறது என்று தீர்ப்பாயிற்று. நோயில் கிடந்த மகன் தொடும்போது எந்தத் தாய்க்கும் உடம்பு ஒரு கணம் விறைக்கலாமே என்ற அற்பச் சந்தேகம் அந்தத் தீர்ப்பின் நிழலைக்கூட மிதிக்கவில்லை. இந்தக் கருதுகோள் புள்ளிவிவரச் சோதனைக்கு உள்ளாக்கப்படவில்லை என்று கட்டுரையே சொல்லிக்கொள்கிறது. அந்தப் பணிவுக்கு இன்னொரு மாலை! 1964-ல் லெய்ங், எஸ்டர்சன் என்னும் லண்டன் மருத்துவர்கள் இருவர் 11 குடும்பங்களைப் பற்றி எழுதி நூலாக்கினார்கள். நோயில்லாத வீடு ஒன்றைக்கூட அதற்குள் விட்டு ஒப்பிட்டுப் பார்த்து நூலின் தூய்மையைக் கெடுக்கவில்லை.

பெருமானின் ஆட்சி எங்கள் தெருவரை செல்லுபடியாகிறது. மிளகு மண்டியில் கணக்கெழுதப் போன ஒரு பையனுக்குப் பத்தொன்பது வயதில், பக்கத்துக் கிட்டங்கியில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகக் காதில் விழத் தொடங்கியது. கிட்டங்கியோ பூட்டிக் கிடந்தது. செய்தி கேட்டுத் தென்காசியிலிருந்து வந்த கொழுந்தனார், காப்பி டம்ளரைக் கீழே வைக்குமுன்பே நோயின் மூலத்தைக் கண்டார்: “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, தலைப்பிள்ளைன்னு ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க.” மறுநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார்: “சேச்சி, நீங்க அவனை ரொம்பக் கண்டிச்சு வளர்த்துட்டீங்க.” அடுத்த வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்து ‘வளர்த்துதோஷம்’ என்று ஒரே சொல்லில் முடித்தார். அணைத்தாலும் குற்றம், அதட்டினாலும் குற்றம். தாய் பிள்ளைக்கு வைத்ததாகப் பெருமான் கண்டுபிடித்த இரட்டைக் கண்ணியை, அதே அளவில், அதே முடிச்சோடு தாய்க்கே வைத்தருளிய கைத்திறனை என்னென்பது! பதினைந்து வருஷம் வளைகுடாவில் இருந்த தகப்பனாரை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணியமான சபை அது.

பெருமானுக்கு இந்த வட்டாரத்தில் பழைய போட்டியாளர் ஒருவர் உண்டு. சோற்றானிக்கரை பகவதியின் கீழ்க்காவில், பிடித்த பேயை ஓட்டிப் பாலமரத்தில் ஆணி அறைவார்கள். எவ்வளவு பிற்போக்கு! வெளியிலிருந்து எதுவோ வந்து பிடித்ததென்று சொல்லிப் பெற்றவளைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். பெருமானோ அறிவியல் யுகத்துக்காரர். மரத்தை நோகச் செய்யாமல் அந்த ஆணிக்கு வேறு இடம் கண்டவர். பக்கத்திலேயே திருப்பூணித்துறை ஹில் பேலஸில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட ‘மணிச்சித்ரத்தாழ்’ படம் 1993-ல் வந்தது. அது காட்டியது வேறு நோய்தான். ஆனாலும் பைத்தியம் என்றால் சின்ன வயதில் எங்கோ ஒரு பூட்டிய அறை இருக்கும், அதைத் திறந்தால் கடைசி ரீலில் தெளிந்துவிடும் என்ற பேருண்மையைக் கேரளம், தமிழ்நாடு என்று இரண்டு மாநிலங்களும் மனப்பாடம் செய்துகொண்டன.

பெருமானின் நெஞ்சுறுதிக்கு ஈடில்லை. 1966-ல் லியோனார்ட் ஹெஸ்டன் என்பவர், மனச்சிதைவு கொண்ட தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட 47 பேரைத் தேடிப் பார்த்தார். ஐந்து பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மாரைப் பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாய் கையால் ஒரு வாய் சோறு உண்ணாதவர்களையும் தாய் வளர்ப்பு எப்படிக் கெடுத்தது? பெருமான் இமைகூட அசைக்கவில்லை. மரபு, கருவில் பட்ட குறை, கஞ்சா என்று பலதையும் சொல்லி, ‘முழுக்கத் தெரியவில்லை’ என்று தலையைச் சொறியும் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தத் தெளிவு ஏழு பிறவிக்கும் வாய்க்காது. ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் தேறியவருக்கு நோய் திரும்ப வருவது அதிகம் என்று லண்டன் ஆய்வுகள் சொன்னது உண்மை. நோய் திரும்புவதற்கும் முதலில் வருவதற்கும் இடையே உள்ள வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டியது பெருமானின் கால் வலிமை. அதே அளவுகோலைச் சண்டிகருக்குக் கொண்டுபோனபோது, நம் வீட்டார் லண்டன்காரர்களைவிடக் குறைவாகவே நொட்டை சொன்னார்கள் என்று தெரிந்தது. இது பற்றிப் பெருமான் காத்த மௌனமும் அழகு.

எங்கள் தெருவில் அந்தப் பையனின் தாய் இன்றும் இரவு எட்டு மணிக்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறாள். அவன் விழுங்கியதும், “நாக்கைத் தூக்கிக் காட்டுடா ராசா” என்கிறாள். மாதம் ஒருமுறை கூட்டத்தோடு ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கிறாள். நோய்க்குக் காரணமானவளே நோய்க்குக் காவலும் இருப்பது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! கூலி கிடையாது, விடுப்பு கிடையாது, குற்றவாளிக்கு அதெல்லாம் எதற்கு?

அவனுக்குத் தம்பிமார் இருவர். ஒரே அடுப்பில் வெந்த சோறு, ஒரே கை அடி, ஒரே மடித் தூக்கம். ஒருவன் துபாயில், ஒருவன் காக்கநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனியில். போன ஓணத்துக்கு வந்திருந்த கொழுந்தனாரிடம், இவர்கள் மட்டும் எப்படி நன்றாக வந்தார்கள் என்று பணிவோடு கேட்டேன். பெருமானின் கடாட்சம் பெற்ற நா அல்லவா, ஒரு நொடி தயங்கவில்லை.

“அவங்க ரெண்டு பேரும் எங்க அண்ணனை உரிச்சு வச்சுப் பொறந்தவங்க.”