ஞாயிற்றுக்கிழமை வேலை

ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை வரைவதெல்லாம் ஒரு வேலையா?

பாரிஸ் அருகே, சேன் நதியின் கிராண்ட் ஜாட் தீவுக்குப் பொழுதுபோக்க வந்தவர்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. அவர்களை வரைய ஓவியர் ஜார்ஜ் சூராவுக்கு 1884 முதல் 1886 வரை ஆனது! மூன்று மீட்டர் அகலத் துணியில் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்தால் பின்னே என்ன ஆகும்? சிறு புள்ளிகள்தான் அவரைப் பெரும்புள்ளி ஆக்கின.

வேடிக்கை என்னவென்றால், உல்லாசமாக இருக்க வந்தவர்கள் பலரும் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்திருக்கிறார்கள். ஒரு சீமாட்டி கயிற்றில் கட்டிய குரங்கோடு நிற்கிறாள். ஓடுவது ஒரு சிறுமிதான்.

எதிர்க்கரையில் உழைப்பாளிகள் குளித்து இளைப்பாறுவதையும் சூரா அதற்குமுன் வரைந்திருந்தார். அந்தப் படத்தை 1884-ல் பாரிஸ் சலோன் கண்காட்சி ஏற்கவில்லை.