பேராண்டிக்கு ஒரு விலாசம்

பேராண்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்துச்சு. பாடியில ஃபிளாட் வாங்கிட்டு, அச்சுல 'அண்ணா நகர் மேற்கு விரிவு'ன்னு போட்டிருக்கியே, பலே! பத்திரிகைக்குள்ளயே ஊரை ரெண்டு கிலோமீட்டர் நகர்த்துற சாமர்த்தியம் எங்க காலத்துல கெடையாது.

ஆனா சேர்ந்துக்கப் போற ஊரோட ஜாதகத்தையாவது பார்த்தியா? அது எனக்கே தம்பிடா. அங்க முன்னாடி இருந்தது நடுவாங்கரை கிராமம். 1968 ஜனவரியில பெரிய தொழில், வர்த்தகக் கண்காட்சி ஒண்ணு போட்டாங்க. அதுக்குன்னு 135 அடியில ஒரு கோபுரம். கட்டினவர் பி.எஸ். அப்துர் ரகுமான், திறந்தவர் அப்போ துணை ஜனாதிபதியா இருந்த வி.வி. கிரி. பேரு விஸ்வேஸ்வரய்யா கோபுரம். அந்தப் பேரைச் சொல்லி ஆட்டோ கூப்பிடாத, உன்னை பெங்களூரு பஸ்ல ஏத்தி விட்டுடுவாங்க. டவர் பார்க்னு சொல்லு. கண்காட்சி முடிஞ்சு போச்சு. அப்புறம் வீட்டுவசதி வாரியம் அவென்யூ, பிளாக்னு மனை பிரிச்சுது. திருவிழாவுக்குக் கடை போட வந்தவன் அங்கயே வீடு கட்டி, ஊர்க்காரனைப் பார்த்து 'நீ யாருப்பா'ன்னு கேட்ட மாதிரி ஆச்சு.

அந்த டவரையும் பல வருஷம் ஏற விடாமப் பூட்டி வெச்சுட்டு, 2023லதான் மறுபடி திறந்தாங்க. போய் ஏறு. மூச்சு வாங்கினா, காத்து வாங்க நின்னேன்னு சொல்லிக்கோ.

எனக்குப் பிடிச்சது அண்ணா நகர் வளைவுதான். எம்.ஜி.ஆர். திறந்தது. 2012ல மேம்பாலத்துக்கு இடைஞ்சல்னு இடிக்க ஆரம்பிச்சாங்க. அது லேசுல மசியல. கடைசியில இடிக்க வந்தவங்களே செப்பனிட்டு நிறுத்திட்டுப் போனாங்க. உங்க பாட்டி குணம்னு வெச்சுக்கோயேன்.

இப்போ நீ மறைக்கிற பாடிக்கு வா. அதோட பழைய பேரு திருவலிதாயம்! சம்பந்தர் வந்து பாடினபோது அண்ணா நகர் எங்கடா இருந்துச்சு? ஆயிரத்து முந்நூறு வருஷமா வலிதாயநாதர் அதே எடத்துலதான் இருக்கார், 'விரிவு'ன்னு போர்டு மாட்டிக்கல. குருப்பெயர்ச்சி அன்னைக்கு வந்து பாரு. ரெண்டாவது அவென்யூ காருங்க எல்லாம் நிறுத்த எடமில்லாம நம்ம தெருவைச் சுத்தும். அன்னைக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, 'இது எங்க ஊர்க் கோயிலுங்க'ன்னு சொல்லு. மரியாதை தானா வரும். இந்தப் பக்கம் லூகாஸ் கம்பெனி சங்கு ஊதினப்போ சோத்து டப்பாவோட சைக்கிள் மிதிச்சுப் போனவங்க சம்பாத்தியத்துலதான் இந்தத் தெருவுல பாதி வீடு எழும்புச்சு. உன் முன்பணத்துக்கு மாமனார் கொடுத்ததும் அந்த பி.எஃப். காசுதானே?

அதனால பத்திரிகையைத் திருத்தி அடி. பாடின்னே போடு. ஃபிளாட்டை வாடகைக்கு விடுற அன்னைக்கு அண்ணா நகர்னு சொல்லிக்கலாம், அதுல தப்பே இல்ல.