அது இல்லாவிட்டால் இது

நேற்று மாலை எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம் ஏறிற்றேயன்றி இறங்கவில்லை. காளி பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போதே நள்ளிரவில் வெடி வைத்த வீட்டார், ஏழு தினங்களுக்குள் சமாதானம் எழுதித் தரவேண்டுமாம். வெடித்தது வெடியன்று, கண்ணாடிப் புட்டி. அதிலிருந்தது, மேலும் இரண்டு நாள் பொறுத்திருந்தால், சரத்காலத்துக்குரிய கறுப்புப் பீர் ஆகியிருக்கும்.

கல்கத்தா நியூ டவுனில் கட்டடம் எழும்பாத மனைகளிலெல்லாம் காஷ் பூ வெள்ளை வெளேரென்று ஆடத் தொடங்கிய சமயத்தில், அமெரிக்காவிலுள்ள என் தங்கை மகன் தொலைபேசியில் பிரஸ்தாபித்த விஷயம் இது. அங்கே இலையுதிர் காலம் வந்தால் பரங்கிக்காய், லவங்கப்பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போட்டு வீட்டிலேயே பீர் காய்ச்சுவார்களாம். கறுப்புப் பீரில் சிப்பியைப் போடுபவர்களும் உண்டாம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கை அமல்படுத்திய சேலம் ஜில்லாவில் பிறந்து, கோலி சோடாவுக்கு மேல் நுரைத்த எதையும் நாவில் வைத்தறியாத எனக்கு இதில் ஏன் சபலம் உண்டாயிற்று என்று மனைவி கேட்கிறாள். 1909ஆம் வருஷத்து வங்காளக் கலால் சட்டப்படி உரிமமின்றிப் பீர் காய்ச்சுவது குற்றமென்று மகன் எச்சரித்தபடியால், போதையில்லாத பீர் செய்வதென்று தீர்மானித்தேன்.

வறுத்த பார்லி வேண்டும் என்றான் தங்கை பிள்ளை. பார்லி இல்லாவிட்டால் என்ன, கேழ்வரகு இருக்கிறதே! டார்ஜிலிங் மலைக்காரர்கள் அதைப் புளிக்கவைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழாயால் தோங்பா என்று உறிஞ்சுகிறார்கள். ஆகவே மனச்சாட்சி உறுத்தவில்லை. இருப்புச்சட்டியில் கரியும் வரை வறுத்தேன். கசப்புக்கு ஹாப் பூ. அது இல்லாவிட்டால் வேப்பம்பூ. ஊரிலிருந்து வந்த வேப்பம்பூ தீர்ந்துவிட்டதால் வெந்தயம். இனிப்புக்கு இவ்வூரார் கொண்டாடும் நொலேன் குர். ஆனால் அந்தப் பேரீச்ச வெல்லம் குளிர்காலத்தில்தான் புதிதாக வருமென்பதால் நம் கருப்பட்டி. பரங்கிக்காய்க்குப் பரங்கிக்காயே அகப்பட்டது. அதை மனைவி புளிக்குழம்பில் போட்டுவிட்டபடியால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஈஸ்டுக்குப் பதில் ஒரு கரண்டி இட்லி மாவு. நெல்லிக்காயளவு புளியும் கரைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். ரவை இல்லாவிட்டால் சேமியா, சேமியா போதாவிட்டால் அவல், அவலும் கால்படிதான் இருந்தால் நேற்றைய இட்லியை உதிர்த்து, கடைசியில் பாத்திரத்தில் உப்புமா என்ற நாமம் மாத்திரம் எஞ்சி நிற்பது உங்கள் வீட்டில் நடவாததா?

பரங்கிக்காய்ப் பீரின் ஜனனமே இவ்விதமானதுதான். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் மால்ட் கிடைக்காத கஷ்டத்தில் பரங்கிக்காயைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அவர்கள் செய்தால் சரித்திரம், நான் செய்தால் கடிதம்! பார்லி, ஹாப், நீர் இம்மூன்றும் தவிர வேறொன்றும் கூடாதென்று 1516இல் சட்டம் போட்ட பவேரியர்கூட ஈஸ்டைக் குறிப்பிடவில்லை. அப்படியொரு ஜீவன் உண்டென்பதே அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அது ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டுமா? இட்லி மாவிலிருந்த நுண்ணுயிர்கள் கருப்பட்டியைத் தின்று கரியமில வாயுவைக் கக்கின. மாவென்றால் மூடியைத் தள்ளிக்கொண்டு சமையல் மேடையெங்கும் வழிந்து தன் மனத்தாங்கலைத் தெரிவித்திருக்கும். நான் இறுக மூடிய புட்டிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. போதை உண்டாகியிருந்ததா என்பதைச் சோதிக்கத் துளியும் மிஞ்சவில்லை. கலால் சட்டத்தைப் பொறுத்தவரை அதுவும் நல்லதற்கே.

இவ்வளவையும் சங்கச் செயலாளரிடம் நேரிலேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அவர், "இட்லி மாவா, மொஷாய்?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே சமாதானம் எழுதித் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

சமையலறையின் வெள்ளைக் கூரையில் கருப்பட்டிக் கறை இரண்டு முழ அகலத்துக்குப் படிந்திருக்கிறது. போக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம், அது இல்லாமல் புளியைத் தேய்த்துப் பார்த்தாயிற்று.