தனி வந்தால் காபி

(மேற்கு மாம்பலத்தில் ஒரு முதல் மாடி வீடு. கூடத்து மேஜையில் பிஸ்கட் டின் நிறையக் கேசட். ஒரு நாற்காலியில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரசிகர். எதிரே, ஐம்பது வருஷம் பக்கவாத்தியம் வாசித்து முழங்கால் தேய்ந்துபோன மிருதங்கக்காரர்.)

ரசிகர்: அண்ணா, இதைக் கேளுங்கோ. 1981 டிசம்பர். நீங்கதான் மிருதங்கம். மூணாவது வரிசையில உட்கார்ந்து, அங்கவஸ்திரத்துக்குள்ள மறைச்சு வெச்சு ரிக்கார்ட் பண்ணினேன். சபாக்காரர் ரெண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். நான் மூச்சுக்கூட விடலை.

மிருதங்கக்காரர்: விட்டிருக்கீர். தம்புராவுக்கு மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கறதே.

ரசிகர்: அது டேப் இரைச்சல் அண்ணா.

மிருதங்கக்காரர்: சுருதியும் அரைக்கட்டை இறங்கியிருக்கு.

ரசிகர்: டெக்குல பெல்ட் தளர்ந்துபோச்சு. முந்தாநாள் எம்.டி. ராமநாதனைப் போட்டேன். அவரே நிதானம். அனுபல்லவி வரதுக்குள்ள சாயங்காலப் பால்காரன் வந்துட்டான்... ஆஹா, இந்தக் கல்யாணியைக் கேளுங்கோ! இதோ மேலே போறார்...

மிருதங்கக்காரர்: நின்னுபோச்சே?

ரசிகர்: திருப்பிப் போடணும். தொண்ணூறு நிமிஷக் கேசட், பக்கத்துக்கு நாற்பத்தஞ்சு. ஆலாபனை உச்சிக்குப் போறச்சேதான் டொக்குனு நிக்கும். திருப்பிப் போடறதுக்குள்ள பத்து செகண்டு போச்சு. நாற்பது வருஷமா அந்தப் பத்து செகண்டை மனசுக்குள்ள நானே பாடிக்கறேன். கல்யாணியில அதைவிட ஒசந்த பிடியே கிடையாது.

மிருதங்கக்காரர்: சரி, மேலே ஓட்டும். நிரவல் ஆச்சு. ஸ்வரம் ஆச்சு... என்ன ஓய், துக்கடா வந்துடுத்து? நடுவுல என் தனி ஆவர்த்தனம் எங்கே?

ரசிகர்: அது... அப்போல்லாம் ஒரு கேசட் வாங்கறதுன்னா யோசிக்கணும் அண்ணா. மிச்சம் பிடிக்க அங்கே மட்டும் கொஞ்சம் அணைச்சு...

மிருதங்கக்காரர்: இந்த டின்னுல எத்தனை கேசட்?

ரசிகர்: இருநூத்துப் பத்து.

மிருதங்கக்காரர்: அதுல எத்தனை தனி?

ரசிகர்: எங்க அப்பா காலத்து 78 பிளேட்டுலகூடத் தனி கிடையாதே, அண்ணா!

மிருதங்கக்காரர்: அதுல மொத்தமே மூணு நிமிஷத்துச் சொச்சம். கீர்த்தனையையே ஓட்டமா ஓடிப் பாடணும். இடமில்லை, ஒத்துக்கறேன். உம்ம கேசட்டுல ஒண்ணரை மணி நேரம் இருக்கே! கடைசி மங்களத்துக்கப்புறம் செயலாளர் வந்து எல்லாருக்கும் நன்றி சொல்றது முழுசா இருக்கு. அதுக்கு டேப் இருந்ததோ?

ரசிகர்: அது சம்பிரதாயம் இல்லையா.

மிருதங்கக்காரர்: அரியக்குடி வகுத்த பத்ததியில வர்ணம் உண்டு, கீர்த்தனை உண்டு, தனி உண்டு, துக்கடா உண்டு. போண்டா எங்கேயாவது உண்டா? நான் தொப்பியில ஒரு தட்டு தட்டினா, நூறு பேர் ஸ்பிரிங் வெச்ச மாதிரி எழுந்திருக்கறேள். மிருதங்கத்துக்கும் ரவை, உங்களுக்கும் ரவை. எனக்குத் தொப்பியில அப்பிக்க, உங்களுக்குக் கேன்டீன்ல தோசைக்கு. உம்ம முதுகை நன்னாத் தெரியும் ஓய். முகத்தை இன்னிக்குத்தான் நிதானமாப் பாக்கறேன்.

ரசிகர்: கேன்டீன்லேர்ந்தும் கேக்கும் அண்ணா. மைக் இருக்கே.

மிருதங்கக்காரர்: அதனாலதான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம்னார். மகான், யோசிக்காமச் சொல்லுவாரா?

ரசிகர்: அப்படியெல்லாம் என்னைத் தள்ளாதீங்கோ. நான் ஜி.என்.பி.யை நேர்ல கேட்டவன்!

மிருதங்கக்காரர்: அவர் 1965ல போயிட்டார். நீர் எப்போ பிறந்தீர்?

ரசிகர்: 1957. அஞ்சு வயசுல, அப்பா மடியில உட்கார்ந்து கேட்டேன். அத்தாட்சி இருக்கு. அந்தக் கச்சேரி டேப்புல, தோடிக்கு நடுவுல ஒரு குழந்தை அழும். அது நான்தான்.

மிருதங்கக்காரர்: அப்போ கேட்டேன்னு சொல்லாதேயும். பக்கவாத்தியம்னு சொல்லும்.

ரசிகர்: பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசிப்பையும் மனப்பாடமா வெச்சிருக்கேன்.

மிருதங்கக்காரர்: எந்தப் பக்கம் உட்காருவார்?

ரசிகர்: என்கிட்ட ஏ சைடுல இருக்கார்.

மிருதங்கக்காரர்: ராமா! மேடையில ஓய்! அவர் இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்க்கணும்னா, பாடறவருக்கு இடப்பக்கம், பிடில்காரர் இடத்துல உட்காரணும். அதுக்காகப் பிடில்காரர் எழுந்து இந்தப் பக்கம் வரணும். அதுல எத்தனை மனஸ்தாபம்! டேப்புல இதெல்லாம் தெரியுமா?

ரசிகர்: (டின்னின் அடியில் துழாவுகிறார்) இருங்கோ. தனி ஒண்ணே ஒண்ணு இருக்கு. இடம் போயிடக் கூடாதேன்னு நாற்காலியில பையை வெச்சுட்டுக் காபிக்குப் போனேன். பைக்குள்ள இதை அணைக்க மறந்துபோச்சு.

மிருதங்கக்காரர்: அதாவது, உம்ம பை உட்கார்ந்து என் தனியைக் கேட்டிருக்கு. போடும், போடும். பெல்ட்டைப் பெரிசா எடுத்துக்கலை.

(கேசட் சுற்றுகிறது.)

மிருதங்கக்காரர்: ஆ... இதுதான். மணி மாதிரி இருக்கா சாப்பு? இப்போ திஸ்ரத்துக்குப் போறேன் பாரும்... யாரு ஓய் இது நடுவுல?

ரசிகர்: பின் வரிசையில ரெண்டு மாமிகள். பையன் ராஞ்சியில இன்ஜினீயராம்.

மிருதங்கக்காரர்: சனியன். கடக்காரன் பதில் சொல்றதுக்குள்ள அந்த மாமி பதில் சொல்றா. இதோ, குறைப்பு. எட்டு... எட்டு... நாலு...

ரசிகர்: இருபது பவுன்ல ஆரம்பிச்சா அண்ணா. பொண்ணாத்துக்காரி பத்துங்கறா.

மிருதங்கக்காரர்: நாலு... ரெண்டு... இப்போ எவ்வளவு சொன்னா?

ரசிகர்: பதினஞ்சு. ஸ்கூட்டர் தனியாம்.

மிருதங்கக்காரர்: ஸ்கூட்டர் எதுக்கு ராஞ்சியில? கொஞ்சம் சத்தமா வையும்.

ரசிகர்: உங்க வாசிப்பு ரொம்பத் தூக்கலா இருக்கு அண்ணா. அவா பேசறது சரியா விழலை.

மிருதங்கக்காரர்: எதுக்கு இப்படிப் போட்டு அடிச்சிருக்கேன்? ஷ்... பொண்ணு பி.எஸ்ஸி.யாம். பன்னெண்டுக்கு வந்துட்டா. மோராவும் ஆச்சு, இனிமே...

(டொக்.)

ரசிகர்: ஐயோ, கோர்வைக்கு முன்னாடி நின்னுபோச்சே!

மிருதங்கக்காரர்: கோர்வை கிடக்கட்டும், அது எனக்குத் தெரியும். மோரா வரைக்கும் வந்து தீர்மானம் தெரியாமப் போச்சே. பன்னெண்டுக்கு முடிஞ்சுதா, இல்லையா? திருப்பிப் போடும்.

ரசிகர்: அந்தப் பக்கம் துக்கடா, அண்ணா.