பெயர் வைக்கும் அண்ணை

கணினி படித்த நாலு பேர் கிளிநொச்சியில் சேர்ந்தால், அதில் ஒருவர் பெயர் வைக்கும் அண்ணை. நிரலை யார் எழுதுவது, பிழையை யார் திருத்துவது என்பதெல்லாம் பிறகு. பெயர் அவருடைய இலாகா. யாரும் கொடுத்ததில்லை, தானாக எடுத்துக்கொண்டார்.

நாங்கள் செய்ய நினைத்தது சின்னச் சாமான். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர், யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் அமைப்பின் செயலாளர் சீ.ஆர். கொப்பியில் எழுதிவைப்பதைக் கைபேசியில் பார்க்க ஒரு மென்பொருள். திறந்த மூலம். வவுனிக்குளத்தாரும் முத்தையன்கட்டாரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றலாம்.

“பேரில்லாமல் என்னெண்டடா தம்பி தொடங்கிறது?”

முதலில் ‘கனகராயன்’. இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு, பொருத்தம்தான். பாலியாற்றுப் பக்கத்தார் கோவிப்பினம் என்று அவரே வெட்டினார். பிறகு ‘பண்டாரவன்னியன்’. கற்சிலைமடு நினைவுக்கல்லிலிருந்து ஒரு பேருரை. இவ்வளவு பெரிய பெயரை வைத்துவிட்டு மென்பொருள் இடையில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று அதையும் விட்டார். ‘கலப்பை’ பிடித்திருந்தது; தமிழ்த் தட்டச்சு மென்பொருள்காரர் முந்திக்கொண்டு ‘எ-கலப்பை’ என்று வைத்துவிட்டதில் இன்றுவரை கோபம். ‘உழவு’ கிட்டத்தட்ட முடிவான பெயர். ஆங்கிலத்தில் அந்த ‘ழ’வுக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா என்பதில் ஒரு போகம் போனது. தமிழிலேயே எழுதுவோம் என்று கிட்ஹப்பில் அடித்தால், அது தமிழெழுத்தை விழுங்கிவிட்டு வெறுங்கோடு ஒன்றை நீட்டியது. தமிழினத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் பட்டியலில் அண்ணை அதையும் சேர்த்துவிட்டார்.

உலகத்து மென்பொருள்களின் பெயர்க்கதை முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1993இல் இயன் மர்டொக் காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரை ஒட்டி டெபியன் ஆக்கியதைச் சொல்லும்போது கண் கலங்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ‘ஃப்ரீக்ஸ்’ என்றுதான் நினைத்திருந்தார், சேர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கே கேட்காமலே ‘லினக்ஸ்’ என்று போட்டுவிட்டார் என்பதையும் அவரே சொல்வார். அந்த நேரம் லினஸின் கையில் நிரல் இருந்தது என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிடுவார். ஃபீனிக்ஸ், ஃபயர்பேர்ட் என்று இரண்டு பெயர் மாறி 2004இல் ஃபயர்பாக்ஸ் ஆனது, ஒருவரும் சாகவில்லை. முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டுபோன அதே சுனாமிக்குப் பிறகு, இந்த நாட்டுத் தொண்டர்கள் நிவாரண வேலைக்கென்று அவசரமாக எழுதியதுதான் ‘சஹானா’. நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல்லையே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். எங்கள் அண்ணை அங்கே இருந்திருந்தால் முகாம்களெல்லாம் மூடப்பட்ட பிறகு பெயர் வந்திருக்கும்.

சிரித்துச் சொல்கிறேன், எரிச்சல்தான். வாய்க்கால் கடைக்கோடியில் இருக்கிறவருக்குத் தன் முறை என்றைக்கு என்று தெரிய வேண்டும். அதற்குச் செயலாளர் வீட்டு வாசலில் சைக்கிளோடு நிற்கிறார். போருக்குப் பிறகு பெயர்ப்பலகைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. தண்ணீர் வராத குழாய்க் கிணற்றுக்கும் பலகை பளபளவென்று இருக்கும்.

கடைசியில் செயலாளரின் மகள், ஏ-லெவல் படிக்கிற பிள்ளை, முழுவதையும் எக்செல்லில் போட்டு ‘புதிசு 2’ என்று சேமித்து எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். கடைக்கோடிக்காரரும் பார்க்கிறார்.

நடுச்சாமத்தில் அண்ணையின் குரல்பதிவு வந்தது: “புதிசு எண்டு வைக்கேலாது தம்பி. அடுத்த போகத்துக்கு அது பழசெல்லே?”

அதில் நியாயம் இருப்பதுதான் இன்னும் எரிச்சல்.