ஊதுங்க சார்!

மச்சான்தான் பைக்கை ஓட்டினான். பின்னால் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு எதற்கு சார் அபராதம்? (திருச்சி வாசகர்)

பாட்டில் வாங்கிக் கொடுத்தது யார்? போதையில் ஓட்டத் துணைபோனால், மோட்டார் வாகனச் சட்டம் 188-வது பிரிவுப்படி ஓட்டியவருக்கான தண்டனையேதான் உங்களுக்கும். பின்சீட்டுக்கும் பில் உண்டு.

கொஞ்சமாகத்தான் குடித்தேன். அதற்கு 10,000 ரூபாயா? (மதுரை வாசகர்)

கடையில் ஒரு விலை, ரோட்டில் ஒரு விலை! 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வழக்குதான். 2019 திருத்தத்துக்கு முன் 2,000 ரூபாய் வரைதான் அபராதம். 6 மாதம் வரை சிறையும் உண்டு. மறுபடி மாட்டினால் அது 2 ஆண்டு வரை போகும்.

இடித்தால்தான் என்ன, இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளாதா? (கோவை வாசகர்)

பார்க்கும், பாலிசியின் கடைசிப் பக்கத்தை. 2007-ல் டெல்லி இந்தியா கேட் பக்கம் ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஊதவும் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. மருத்துவக் குறிப்பில் இருந்த மது வாடையும் மோதிய விதமும் போதும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்துவிட்டது.

ஏற்றிக் கொன்றாலும் 'விபத்து' என்று தப்பிவிடுகிறார்களே? (சேலம் வாசகர்)

2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் 7 பேர் கார் ஏறிச் செத்தார்கள். ஓட்டியவருக்கு 3 ஆண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றமே 'இது ரொம்பக் குறைச்சல்' என்றது, ஆனால் கூட்டவில்லை. ஏன் தெரியுமா? அரசு அப்பீலே போடவில்லை.