வாட்டர்ப்ரூஃபாம்ல, வாட்டர்ப்ரூஃபு!

ஏலே பேராண்டி, இங்க வா. அந்த ரிமோட் ட்ரக்க ஏன் முதுகுக்குப் பின்னால ஒளிக்க? நேத்து குதிரைமொழித் தேரி மணல்ல அத நீ விரட்டுன விரட்ட ஊரே பாத்துச்சு. நல்லாத்தான் பறந்துச்சு. இப்ப சக்கரத்தச் சுத்துனா நறநறங்குது. பரவாயில்ல, வண்டிக்குப் பல்லு மொளைக்குபோல.

பெட்டியில வாட்டர்ப்ரூஃபுன்னு போட்டிருக்குன்னு சொல்லுத. சரிதாம்ல. தண்ணிக்குப் போட்டிருக்கான், மண்ணுக்குன்னு எங்க போட்டிருக்கான்? ரிசீவரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் நனைஞ்சா தாங்கும், அம்புட்டுத்தான். பேரிங்குக்கு எவனும் உத்தரவாதம் எழுதல. கடினத்த அளக்க மோஸ் அளவுன்னு உன் பாடத்துல வருமே: வைரம் 10, மணல்ல இருக்க குவார்ட்ஸ் 7. உன் வண்டி அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. ரெண்டும் ஒரசுனா எது தேயும்னு வாத்தியார்ட்ட கேளு.

அதவிடக் கூத்து, கெளம்பும்போது நீ பண்ணுன எண்ணெ அபிஷேகம். கியரு, ஷாக் கம்பி, ஜாயின்ட்டு, ஒண்ணு விடல. பிசுக்கு எங்க இருக்கோ அங்கதாம்ல மணலு குடியேறும். எண்ணெயும் மணலும் சேந்தா இரும்பத் தேய்க்குத பசை. பட்டறைக்காரன் காசு குடுத்து வாங்குவான், நீ சும்மா தயார் பண்ணிட்ட. உங்க பூட்டன் வண்டி மைய அச்சுக்கு உள்ளதாம் வச்சாரு, ஆரக்கால்ல பூசல. கிரீஸு மூடுன டிஃபரென்ஷியலுக்குள்ள, பேரிங்குக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரியுத கியரு காஞ்சு கெடக்கணும்.

ஜப்பான்காரன் தமியா 1979-லயே சாண்ட் ஸ்கார்ச்சர்னு ஒரு வண்டி விட்டான். ரேடியோ சாமான்களப் பொட்டிக்குள்ள வச்சு மூடித்தான் மணலுக்கு அனுப்புனான். உனக்கு அம்புட்டு வேண்டாம். கியர் மூடிய மறக்காமப் போடு. சேசிசுக்கு மேல வெல்க்ரோ வச்ச துணி உறை மாட்டு. அச்சு ஜாயின்ட்டுக்குப் பலூன் நுனிய வெட்டி மாட்டு. பொறந்தநாளுக்கு ஊதுனது மிச்சம் கெடக்கும்லா. மோட்டாரச் சுத்தி மட்டும் துணியத் திணிச்சிராத, மூச்சு முட்டிப்போகும். மணல்ல டயரு புதைய புதைய மோட்டாரு கரன்ட்ட அதிகமா இழுக்கும். அதனால மோட்டாரு அச்சுல இருக்க சின்னக் கியரு, அந்தப் பினியன்ல ஒண்ணு ரெண்டு பல்லு கொறச்சுப் போடு. நடுவுல நிறுத்தி மோட்டாரத் தொட்டுப் பாரு; விரல வெடுக்குன்னு எடுக்கும்படி இருந்தா அன்னைக்கி ஆட்டம் முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்ததும் நேரா பைப்படிக்கு ஓடாத. மொதல்ல பேட்டரியக் கழட்டு. காஞ்ச மணலக் காஞ்ச பிரஷ்ஷால தட்டு. பெயின்ட் அடிக்குத பிரஷ் போதும். அப்புறம் காத்து அடி, உள்ள இருந்து வெளிய பாத்து. பேரிங்குக்கு நேரா அடிச்சா மணல நீயே உள்ள விருந்துக்கு அனுப்புத. காத்துல பேரிங்கச் சுத்தவிட்டு ங்கொய்னு சத்தம் கேட்டு ரசிக்காத. கண்ணாடி போட்டுக்க, கண்ணுக்கு ஸ்பேர் கெடைக்காது.

அடுத்து, சக்கரத்தக் கழட்டி அச்ச விரல்ல மெதுவாச் சுத்து. நறநறப்பு இருந்தா பேரிங்க எடு, கழுவு, காயவை, ஒரு சொட்டு எண்ணெ. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு! அப்பயும் நறநறத்தா புதுசு போடு. பினியனக் கண்ணுகிட்ட கொண்டு வந்து பாரு: பல்லு மழுங்கலா இருக்க வேண்டியது, கூரா நிக்கா? அப்ப அது பக்கத்துல இருக்க பிளாஸ்டிக் ஸ்பர் கியரத் தின்னுக்கிட்டு இருக்கு.

மணப்பாட்டுக் கடக்கரைக்குக் கூப்புட்டுக்கிட்டு உன் கூட்டாளி நிக்கான். போ. ஆனா அங்க உப்பும் கூட வரும். மணலத் தட்டின பொறவு நல்ல தண்ணியில மெதுவா அலசி, அன்னைக்கே காயவை. பிரஷர் பம்பு ஆகாது. அது உப்பையும் மணலையும் சேத்து பேரிங்குக்குள்ள ஏத்திரும். நம்ம கரையோரத்துக் கருமணல்ல காந்தம் இழுக்குத துகள் உண்டு. மோட்டாருக்குள்ள இருக்கதே காந்தம். ஓட்டை உள்ள மோட்டாருன்னா தேடிப் போயி ஒட்டும்.

இவ்வளவு வேலையான்னு மூஞ்சத் தூக்காத. ஓட்டுத நேரத்துல பாதியத் தொடைக்க ஒதுக்கு. முடியாதுன்னா விட்டுரு, பாதகமில்ல. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் மச்சு வீடு கட்டுதான், மேல் மாடிக்கு உன் பேர வைக்கச் சொல்லுதேன்.